ஒன்றை நான்காக்க

பேராசிரியர் ஓட்மார் ஃபான் ரேக்கன்
கண்மூடிப் பதினாறு மணி நேரம்.
உயிலில் ஒரு வரி இருந்ததாம்:
என்னையும் நிறுங்கள்.

டோர்பாட்டில் ஆறு இறுகிக் கிடந்த பிப்ரவரி.
உடற்கூறு மண்டபத்தில் நான் தரை கழுவுகிறவள்.
பெயர் எப்பு. பெய்ப்சி ஏரிக்கரைக்காரி.
ஜெர்மன் எழுத்து எனக்கு எறும்பு ஊர்வதுபோல்.
மீன் விற்ற குடும்பம்,
அதனால் எண் மட்டும் என் கண்ணுக்குத் தப்பாது.

முப்பது வருஷம் மூளைகளை எடைபோட்டவர் அவர்.
பெண்ணுடையது இலேசு, கூலிக்காரனுடையது இலேசு,
இந்த ஏரிச் சனம் மொத்தமுமே இலேசு என்று
தலையணை தடிமனில் புத்தகம் போட்டவர்.
அதைத் தூசி தட்டியிருக்கிறேன்.
நல்ல கனம்.

ஓட்டைத் திறந்தார்கள்.
தட்டில் சரிந்தது,
துணியில் வடிகட்டிய பாலாடைபோல,
தன் எடையிலேயே தளர்ந்து.
உடம்பு முழுக்க எங்கே வலித்தாலும் அதற்குத் தெரியும்,
தன்னையே கீறினால் தெரியாது;
இதுவும் அவர் சொல்லிக்கொடுத்த பாடந்தான்.

உதவியாளர் எவால்ட் ட்ராங்மன்
மாணவர்களை வெளியே நிறுத்திவிட்டுக்
கதவைச் சாத்தினார்.
படிக்கல் வைத்தார். எடுத்தார். வைத்தார்.
தட்டைக் கழுவி வா என்றார்.
கழுவி வந்தேன்.
மறுபடி கழுவு.
தட்டில் அழுக்கில்லை.
எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

1140.

புத்தகத்தில் கோடு கிழித்து,
இதற்குக் கீழே பெண்கள் என்று
அவரே வகுத்த இடத்துக்கும் கீழே.

ட்ராங்மன் வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்தார்.
மசி முனையில் உருண்டு
விழவா வேண்டாமா என்று தொங்கியது.
பிறகு இரண்டாவது ஒன்றுக்கு
இடப்புறம் ஒரு சாய்கோடு,
குறுக்கே ஒரு சிறு கோடு.

1440.

முந்நூறு கிராம்.
பெருத்த பெர்ச் மீன் ஒன்றின் எடை.
செத்தவன் தலைக்குள் மீனைத் திணித்ததை
நான் பார்த்தேன் என்று அவர் பார்த்தார்.
"எப்பு, விளக்குக்கு எண்ணெய் போதுமா?" என்றார்.
போதும் என்றேன்.

அன்றிரவு என் புத்திக்கு ஒன்று தோன்றியது.
வலையில் துள்ளும் மீனை
நீருக்குள் ஒரு விரலால் தூக்கலாம்;
கரையில் இரண்டு கை வேண்டும்.
தலைக்குள்ளும் நீர்தானே,
திறக்கும்போதெல்லாம் என் கந்தலில் ஊறுவது?

வாளியில் உப்புநீர் கலந்தேன், கண்ணீர் ருசிக்கு.
சல்லடைத் துணியில் பேராசிரியரைக் கட்டித்
தராசுக் கொக்கியிலிருந்து நீருக்குள் இறக்கினேன்.
எதிர்த்தட்டில் இருபது கிராம் கல் ஒன்று.
போதவில்லை. இன்னொன்று.
தட்டு தாழ்ந்தது.

நாற்பதுகூட இல்லை.
ஒரு சின்ன முட்டை.
அவர் உயிரோடு சுமந்தது அவ்வளவுதான்.
நானும் அவ்வளவைத்தான் சுமந்துகொண்டு
விளக்கருகே நின்றிருந்தேன்.
துணிக்குள் அது மெல்லத் திரும்பியது.
என் கை நடுங்கியிருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

இப்போது அவர் நடு அலமாரியில்.
பீட்டர்ஸ்பர்க் கனவான்கள் தொப்பி கழற்றுகிறார்கள்.
அடுத்த ஜாடி இருபத்தேழு, பெயரில்லாதவள்.
கயிற்றாலையில் நார் முறுக்கினவள்,
காய்ச்சலில் வந்தாள், நான்தான் குளிப்பாட்டினேன்.
முழங்கையில் தீக்காயம் இருந்தது.
அவள் சீட்டில் 1305,
பக்கத்தில் சிவப்பு மசியில் ஒரு சொல்.
காவல்காரனிடம் கேட்டேன்,
"பிழை" என்று வாசித்தான்.

சாராயம் எல்லோரையும் சுருக்குகிறது.
சீட்டில் உள்ள எடை இப்போது யாருக்கும் இல்லை.
குளிர்காலந்தோறும் மட்டம் இறங்கும்,
கொஞ்சம் காற்று குடிக்கும், கொஞ்சம் மாணவர்கள்.
நான் ஏணி போட்டு நிரப்புகிறேன்,
இருபத்தேழை முதலில்.

அப்புறம் அவருடைய சீட்டைத் துடைப்பேன், அழுத்தாமல்.
மற்ற மசி கறுப்பாகவே இருக்கிறது.
கை நடுங்கித் தண்ணீர் கலந்துவிட்டதோ என்னவோ,
அந்த இரண்டு கோடுகள் மட்டும்
வருஷத்துக்கு வருஷம் பழுப்பாகின்றன.